ராயகிரியில் பொங்கிய பால்

சங்கரன்கோவிலில் அடுப்பில் ஏற்றிய பால், அடுப்பை விட்டு இறங்காமலே ராயகிரிக்குப் போய்ப் பொங்கியது என்று நெல்லைநாயகம் அடித்துச் சொன்னார். கூடவே ஒரு பசுமாடும் வந்தது என்றார். தெருவே நம்பியது. நம்பாத ஆள் ஒருத்திதான். அந்தப் பாலைக் காய்ச்சிய அவர் மனைவி வடிவாம்பாள்.

“அப்படி ஒண்ணும் நடக்கலை,” என்றாள். “ரிட்டயர் ஆனதுல இருந்து இவுகளுக்கு வாய் காதுவரைக்கும் நீண்டுட்டு.”

“ஏட்டி, நீ குலவை போட்டியா, இல்லையா?”

“நானா? சொப்பனம் கண்டிருப்பீய.”

கட்டியவளே கைவிரித்தால் மனுஷன் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

நடந்தது இதுதான். தெப்பக்குளத்து ஓரம் ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றது. ஜெர்மனியில் தீயணைத்துக்கொண்டிருந்த வண்டி. இப்போது உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி. ஆண்ட்ரியாஸ், லேனா என்ற புருஷன் பெண்டாட்டி ஆறு வருஷமாக அதிலேயே குடியிருந்து உலகத்தைச் சுற்றுகிறார்கள்.

நெல்லைநாயகமோ முப்பத்துநாலு வருஷம் ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்தவர். ஊரையே சென்னைக்கும் காசிக்கும் அனுப்பிவிட்டு, தான் தென்காசியைத் தாண்டாதவர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் முன்பதிவுப் படிவத்தில் இருந்தது.

“ஃப்ரம்?” என்றார்.

“ஜெர்மனி,” என்றான் ஆண்ட்ரியாஸ்.

“டூ?”

அவன் தோளைக் குலுக்கினான்.

“ரிட்டர்ன் டேட்?”

“நோ டேட்.”

போகிற ஊர்க் கட்டத்தைக் காலியாக விட்ட பயணியை நெல்லைநாயகம் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் வடிவாம்பாளைக் கூட்டிவந்தார்.

அவள் உள்ளே ஏறி அடுப்பைத் தடவினாள். சன்னல் திரையைத் தடவினாள்.

“இது அவுக சொந்த வீடா?”

“சொந்தம்தான்.”

“பால் காய்ச்சிக் குடிபுகுந்தாவளா? கேளுங்க.”

படிவத்தில் இல்லாத கேள்வி. கையைக் காலை ஆட்டிக் கேட்டார். இல்லையாம்.

“ஆறு வருசமாவா? பாவம், புள்ளைய!” என்று பதறினாள் வடிவாம்பாள். “நான் காய்ச்சுதேன். நீங்க போய் மாட்டைப் பிடிச்சிட்டு வாங்க.”

பதினோரு வாடகை வீட்டில் பால் காய்ச்சியவள் அவள். வாடகை வீட்டுக்குப் பாலோடு சரி. சொந்த வீட்டுக்குத்தான் மாடு புகவேண்டும். அந்த மாடு கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வராமலே இருந்தது.

வாசல் தெற்கே பார்த்தது. வண்டியைத் திருப்பினார்கள். வீடு கிழக்கே பார்த்தது, ரோடு அடைபட்டது. பால்காரர் வெள்ளத்துரையின் பசுவை வாழைப்பழம் காட்டிப் பலகை வழியாக ஏற்றினார்கள். அது கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே சிக்கிக்கொண்டு, திரும்ப வழியில்லாமல் லேனாவின் துண்டைத் தின்ன ஆரம்பித்தது. வடிவாம்பாள் எதையும் கவனிக்காமல் ஐந்து லிட்டர் பாலை அடுப்பில் ஏற்றினாள்.

திருவேங்கடம் போகிற பஸ் வந்து அலறியது.

“யாரு வீடுவே இது?” என்று டிரைவர் தலையை நீட்டினார். “ஓரமாக் கட்டுனா என்ன?”

“பால் பொங்குத வரைக்கும் பொறும்வே!” என்று வண்டிக்குள் இருந்தே கத்தினார் நெல்லைநாயகம்.

பின்னால் நூறு வண்டி சேர்ந்துவிட்டது. ஆண்ட்ரியாஸ் பயந்துபோய் வண்டியைக் கிளப்பிவிட்டான். மாட்டை இறக்கலாம் என்று நிறுத்திய இடத்திலெல்லாம் கூட்டம் கூடியது, மாடு மிரண்டது, மறுபடி கிளம்பினார்கள். வடிவாம்பாள் ஒரு கையில் பானையும் ஒரு கையில் கொம்புமாக நின்றாள். நின்றது வீட்டுக்குள்தான். சன்னலுக்கு வெளியே பனைமரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

ராயகிரியில் பால் பொங்கியது. அவள் போட்ட குலவையில் மேற்குமலையே திரும்பிப் பார்த்ததாக நெல்லைநாயகம் சத்தியம் செய்வார்.

பால் காய்ச்சியவள்தான் இனி வீட்டுக்காரி என்று அவர் ஜாடையில் விளக்கினார். லேனா சிரித்து வடிவாம்பாளைக் கட்டிக்கொண்டாள். மேலே மடித்து வைத்திருந்த இன்னொரு கட்டிலை இறக்கிக் காட்டினாள்.

“ஓனர் மஸ்ட் கம்! நேபாள்!” என்றாள்.

நெல்லைநாயகம் முப்பத்துநாலு வருஷமாகக் காத்திருந்த வண்டி. வடிவாம்பாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“மாட்டைத் திருப்பி விடணும்லா,” என்றார் அவர். “வெள்ளத்துரை தேடுவான்.”

லோடு ஆட்டோ பிடித்து மூவரும் ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் வாயைத் திறந்தது மாடு மட்டும்தான். மறுநாளிலிருந்து வடிவாம்பாளைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

எட்டு நாள் பொறுத்தார். ஒன்பதாம் நாள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஊர் நம்பி என்ன பிரயோசனம்? நான் வாழ்நாள்ல போன ஒரே பிரயாணம்ட்டி அது. ஒரு தடவை ஆமான்னு சொல்லிரு.”

வடிவாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஆமா, நடந்துச்சு. பால் பொங்குனது, குலவை போட்டது, மேல கட்டில் காலியாக் கெடந்தது, எல்லாம் நெசந்தான்,” என்றாள். “மாட்டைப் பிடிச்சிட்டு நீங்க மட்டும் இறங்கியிருக்கக் கூடாதா?”