பரிசு நட்சத்திரம் இல்லாத ஆறாம் பாகம்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இவ்விடம் நானும் தங்கள் தம்பி மனைவியும் சுகம். அவ்விடம் தாங்களும் அத்தானும் தையல்கடை மெஷின்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் என் பெயரைப் பார்த்ததுமே தாங்கள் கட் செய்துவிடுவதால், இதை அத்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன். 'தாங்கள்' போட்டு எழுதச் சொன்னது என் வீட்டுக்காரி. எனக்கு இதற்கு மேல் வராது.

விஷயம் இதுதான். 'கும்மாளம்' ஆறாம் பாகம் வந்துவிட்டது, வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டும். நம் சண்டைக்குக் காரணம் நான் இல்லை. அந்த வீடியோ கேமைப் பாகத்துக்குப் பாகம் மாற்றிக்கொண்டே போனவர்கள்தான். நிரூபிக்கிறேன், படி.

முதல் பாகத்தில் வம்பே கிடையாது. டிவியில் ஒரு பலகை, பகடையை உருட்டி நாலு பேரும் கட்டம் கட்டமாக நகர வேண்டும், நடுநடுவே குட்டிப் போட்டிகள், அதிக நட்சத்திரம் சேர்த்தவருக்கு வெற்றி. நீ நீல கன்ட்ரோலர், நான் சிவப்பு. பட்டனை யார் வேகமாக அமுக்குகிறார்கள் என்பதே பாதிப் போட்டி, நாளெல்லாம் துணி தள்ளிப் பழகிய உன் விரலுக்கு முன்னால் யாரும் நிற்க முடியவில்லை, நீயே ஜெயித்தாய், நான் ஏதாவது சொன்னேனா? இரண்டாம் பாகத்தில் ஒரு காக்காயை விட்டார்கள், அது அடுத்தவர் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தரும், கூடப் பிறந்தவன் என்றும் பாராமல் அதை என் மேலேயே ஏவினாய், "பக்கத்துலதானே உக்காந்திருக்கான், காக்காய்க்கு அலைச்சல் மிச்சம்" என்று அத்தானிடம் சொல்லிச் சிரித்தாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் பாகத்தில்தான் வினை ஆரம்பம். நாலு பேரையும் ஒரே வேனில் ஏற்றிவிட்டார்கள், முறை வைத்து ஓட்ட வேண்டுமாம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனை உட்கார வைத்து ஆடுகிற ஆட்டமா இது? என் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது, கற்றுக்கொள்ள வருகிறவர் தடுமாறினால் நான் மிதிப்பேன், அது ஊறிப்போன பழக்கம். நீ வளைவில் வேகமாகத் திருப்பியதும் என் கால் தானாகப் போய் டீப்பாயை மிதித்தது, கண்ணாடி உடைந்தது. "ஓட்டுறது நான், நீ ஏன்டா மிதிக்கிற?" என்று கத்தினாய். "பின்னாடி பாக்காமத் திரும்புறியேக்கா!" என்றேன். தப்பா? அதுக்கே நீ எத்தனை நாள் பேசல.

நாலாம் பாகத்தில் வேனை எடுத்தார்கள், அப்பாடா என்றிருந்தது. பதிலுக்குப் பரிசு நட்சத்திரம் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் தருவார்கள், எதற்கு என்று முன்கூட்டியே சொல்லவும் மாட்டார்கள். நீ ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து கையையும் தூக்கிவிட்டாய், அந்த நேரம் பார்த்து, மிகக் குறைந்த தூரம் நகர்ந்தவருக்கு நட்சத்திரம் என்று அறிவித்தார்கள். நான் நிதானமாகப் போகிறவன், மூன்றுக்கு மேல் விழாத மெதுவான பகடையைத் தவிர வேறெதையும் தொடாதவன், எனக்கே வந்தது, ஜெயித்தேன். "நகராதவனுக்கெல்லாம் பரிசா?" என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. "இது நிதானத்துக்குக் கிடைச்ச மரியாதைக்கா" என்று நான் சொன்னதும் நியாயமான பதில். உன் செருப்பில் ஒன்றையும் என் வீட்டுக்காரி செருப்பில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு போனவள்தான் நீ. மீதி ரெண்டும் இன்னும் வாசலில் கிடக்கின்றன.

ஐந்தாம் பாகம் எழுந்து நின்று கையை வீசி ஆடுவது. நான் வீசிய வீச்சில் டியூப்லைட் போனது. அது கிடக்கட்டும். உன் இடத்தில் கம்ப்யூட்டரை ஆட வைத்தோம். தோற்றால் அது எங்களுக்குக் கைதட்டுகிறது, அக்கா! திட்டுறதில்ல, முறைக்கிறதில்ல, ஜெயிச்சா சோபா மேல ஏறி நிக்கிறதில்ல. அதை ஜெயிச்சு நான் என்ன பண்ண? ஒரு நாள் பாதியிலேயே டிவியை அணைத்துவிட்டேன். நீ இல்லாம நல்லாவே இல்லக்கா.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. ஆறாம் பாகத்தில் அந்தப் பழைய பலகையே திரும்பி வந்திருக்கிறது. வேன் கிடையாது, கை வீச்சு கிடையாது, பரிசு நட்சத்திரம் அறவே கிடையாது, முழுக்க முழுக்கத் திறமைக்கே இடம். வந்து நீயே பார். நீல கன்ட்ரோலரைத் துடைத்து வைத்தாயிற்று. நீ வருவாய் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். இளையவன் உனக்கு ஆசி சொல்லக் கூடாது, உன் ஆசியைக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கொடுத்துவிடு, அப்புறம் உனக்கு மனசு வராது.

இப்படிக்கு,
என்றும் நிதானம் தவறாத தம்பி

பி.கு.: வாங்கிப் படித்த அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "உங்க அக்கா இத வந்த அன்னிக்கே வாங்கிட்டா மாப்ள. தினமும் கடைய மூடிட்டு வந்து பழகுறா. பரிசு நட்சத்திரம் செட்டிங்ஸ்ல ஒளிஞ்சிருக்கு, தேடிப் பிடிச்சு ஆன் பண்ணி வச்சிருக்கா. மெதுவான பகடைய விட்டா வேற எதையும் தொடுறதில்ல. சிவப்பு கன்ட்ரோலர என்னையே தொட விடமாட்டேங்கிறா, 'அது அவனோடது, வைங்க'ங்கிறா" என்கிறார். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நீ இங்கே வரவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே வருகிறோம், செருப்போடு. டீப்பாயை மட்டும் ஓரமாகத் தள்ளி வை.