பழைய சோற்றில் பொரிந்த மானம்

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் பழக்கம் எனக்கு இன்றுவரை வரவில்லை. எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் திமிரில் பாதியைப் படிப்பு கொடுத்தது, மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். (மொத்தமும் பிறவியிலேயே வந்தது என்பது அம்மாவின் கட்சி.)

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட அவசரகாலம் அது. தங்கா பத்து ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கேட்டில் மலாய்க்காரரான மாட் அண்ணன் துப்பாக்கியோடு காவல் நிற்பார். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போகிறதா என்று எல்லாருடைய தூக்குச்சட்டியையும் திறந்து பார்ப்பது அவர் வேலை. என் புத்தகப் பையையும் தினம் திறப்பார். உள்ளே பூகோளம்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் அக்கா ஜாசினிலிருந்து வந்தார். வந்த காரியம், என் படிப்பை நிறுத்தித் தன் மகனுக்குக் கட்டிவைக்க அழைத்துக்கொண்டு போவது. எனக்கோ கடைசிப் பரீட்சைக்கு ஒரே வருடம் பாக்கி. எழுதித் தேறினால் டீச்சர் ஆகலாம்.

“பொஸ்தகம் புடிச்ச கை அகப்பையப் புடிக்குமா தம்பி? இன்னும் ஒரு வருசம் விட்டா, அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே மறந்துரும் லா” என்றார் அப்பாவிடம். அப்பா தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

“இன்னைக்கு நான்தான் அத்தே சமைக்கிறேன். நீங்க ஜென்மத்துல சாப்பிட்டிருக்காத சாப்பாடு” என்றேன்.

சொன்ன சொல் அட்சரம் பிசகாமல் பலித்தது.

கிளேபாங்கில் என் பள்ளித் தோழி மெய் லிங் வீட்டில் ஒருமுறை காரமான கோழி நாசி கோரெங் சாப்பிட்டிருந்தேன். சோற்றை எண்ணெயில் வறுப்பது. அவள் அம்மா வாணலியைக் கிளறியபடி சொன்ன விதிகள் மூன்று: சட்டி புகைய வேண்டும், மிளகாய் தாராளமாக வேண்டும், சோறு நேற்றையதாக இருக்க வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நேற்றுச் சோறு இல்லாத லயம் உண்டா?

கோழியை மாட் அண்ணன்தான் அறுத்துக் கொடுத்தார். (முஸ்லிமான அவர் அறுத்தால்தான் அவருக்கும் ஒரு வாய் கொடுக்கலாம்.) எண்ணெய் புகைந்தது. மெய் லிங்கின் அம்மா நான்கு மிளகாய் போட்டார். விருந்தாளியை மதித்து நான் இரண்டு கைப்பிடி போட்டேன். கோழி சிவந்தது. ராத்திரி அம்மா தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருந்த பானையைத் திறந்தேன். அந்த வாரத்து ரேஷன் அரிசியில் எஞ்சியது அவ்வளவுதான். தண்ணீருக்குள் கைவிட்டு, ஊறிய பழைய சோற்றை இரண்டு கையாலும் அள்ளி, சொட்டச் சொட்ட, கொதிக்கும் எண்ணெயில் போட்டேன்.

படார்! படபடபட படார்!

மிளகாய்ப் புகை லயத்தையே மூடியது. கேட்டில் விசில் பறந்தது. விசில் கேட்டால் குப்புறப் படுக்க வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். லயம் முழுதும் தொப்புத் தொப்பென்று விழுந்தது. பழக்கமில்லாத அத்தையை அம்மா கையைப் பிடித்து இழுத்துத் தரையில் கிடத்தினார், பட்டுச்சேலையோடு.

மாட் அண்ணன் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். “யாரு சுட்டது?”

“நான்தான்” என்றேன்.

“கையிலே இருக்கறத கீழே போடு!”

கரண்டியைப் போட்டேன்.

துப்பாக்கியின் முனை வாணலியைப் பார்த்தது. உள்ளே செக்கச்செவேலென்று ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு கோழிக்கால் உதவி கேட்பதுபோல் நீட்டியிருந்தது. மாட் அண்ணன் இருமிக்கொண்டே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

“இது நாசி கோரெங் இல்லே லா. பூபோர்!” என்றார். கஞ்சியாம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனா செடாப்!” என்று தட்டை நீட்டினார்.

அந்த ருசி அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. சேலையைத் தட்டிவிட்டு எழுந்த அத்தை ஒரு வாய் சாப்பிட்டு மூன்று செம்பு தண்ணீர் குடித்தார். அப்பா பக்கம் திரும்பினார்.

“தம்பி, இவ படிக்கட்டும்டா. படிச்சு, சம்பளம் வாங்கி, சமைக்க ஒரு ஆள வச்சுக்கட்டும். எம்புள்ளைக்கு இருக்கறது ஒரே வயிறு.”

அப்பா தலையைச் சொறிவதை நிறுத்தினார். அன்று நான் அழுதேன். மிளகாய் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் மூளையைப் பார்த்துப் படிக்க விடுவார்கள் என்று இருந்தவள் நான். கஞ்சியைப் பார்த்து விட்டுவிட்டார்கள்!

இப்போது நான் டீச்சர். மாட் அண்ணன் இன்றும் என் பையைத் திறக்கிறார். “என்ன டீச்சர் பூபோர், வெடி ஏதும் இருக்கா?” என்கிறார். அத்தையும் அடிக்கடி வருகிறார். வாசலிலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்கிறார்:

“இன்னைக்கு யாரு சமையல்? நான் உக்காரவா, படுக்கவா?”