தொண்ணூற்றெட்டு சதவீதத் துல்லியம்

மனித உடம்பு சும்மா கிடக்கும்போது எவ்வளவு எரிக்கிறது என்ற மாபெரும் கேள்விக்குக் கள்ளக்குறிச்சிச் சீமையில் விடை கண்டுவிட்டோம். அந்த வரலாற்றுச் சாதனையில் குறிப்பெழுதியவன் அடியேன்.

கருவி சோப்புப் பெட்டி அளவுதான். குழாயில் மூச்சு விட்டால் கலோரிக் கணக்கு திரையில் வரும். ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் ஆறு மாதத்துக்குச் சத்துமாவு. ஆனால் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பெரிய இயந்திரத்தோடு ஒப்பிட வேண்டும். அதுவோ வேனில் இருந்தது. கல்வராயன் மலையில் பல ஊர்களுக்கு வேன் போகாது. எனவே கையோடு எடுத்துப் போகும் கருவியை அடிவாரப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மலைமக்களை நடந்து வரச் சொன்னோம்.

தங்கமணி கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் இறங்கி வந்தாள். இரவு எட்டு மணிக்குமேல் சாப்பிடக் கூடாது என்ற விதியை அவள்தான் மிகச் சிறப்பாகக் கடைப்பிடித்திருந்தாள். முந்தின நாள் மதியத்திலிருந்தே சாப்பிடவில்லை. பால் சுரக்கவில்லை, மாவை நம்பித்தான் வந்தேன் என்றாள்.

அரை மணி நேரம் படுத்த பிறகே ஊத வேண்டும் என்பது விதி. ஆய்வை நடத்திய டாக்டர் தீனதயாளனுக்கோ அடிவாரத்தாரும் மலையாட்களுமாக நாற்பது பேரைச் சாப்பாட்டு வேளைக்குள் முடிக்க வேண்டும். வந்ததும் ஊதச் சொன்னார். ஆயிரத்து அறுநூற்று நாற்பது. 'நல்ல ஆரோக்கியம்' என்று பாராட்டினார்.

"இப்பதாங்க நடந்து வந்தேன், மூச்சு வாங்கிக்கினு இருக்குது. கொஞ்சம் குந்திக்கினு ஊதட்டுங்களா?"

"நடந்ததை எழுத படிவத்துல கட்டம் இல்லம்மா."

பிறகு வேன். ஜெனரேட்டர் மக்கர் செய்ததால் ஒரு மணி நேரம் உள்ளே படுத்திருந்தாள். பெரிய இயந்திரம் எண்ணூற்றுத் தொண்ணூறு என்றது.

மாலையில் அவசரக் கூட்டம். எண்கள் இப்படி முட்டிக்கொண்டால் கருவி தேறாது. வாங்கிவிட்ட இருநூறு கருவிகளை என்ன செய்வது? டீ வந்தது, முறுக்கு வந்தது, தீர்வும் வந்தது. மலையிலிருந்து வந்த பதினோரு பேரின் எண்களும் 'புறம்போக்கு' என்று ஒருமனதாக அறிவிக்கப்பட்டன. அவர்கள் பெயர்களை நீக்கியதும் துல்லியம் தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்கு எகிறியது. எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்கேல் வைத்துப் பெயர்களை நேராக அடித்தேன்.

தங்கமணி வாசலிலேயே காத்திருந்தாள்.

"மாவு இன்னா ஆச்சுங்க? பெரிய மிசினு கம்மின்னுதான சொல்லிச்சு?"

"அது உங்களை அளக்க இல்லம்மா. கருவியை அளக்க."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினாள்.

துல்லியம் நிரூபிக்கப்பட்ட கருவி அடுத்த வாரம் அதே பாதையில் ஏறுகிறது. மலையில் யார் யாருக்கு மாவு தேவையில்லை என்று இனி அது சொல்லும்.