சம்பந்தி மேசைமேல் ஏறி ஆடிய பூரிம்

எருசலேம்,
பூரிம் பண்டிகைக்கு மறுநாள்

பாசமுள்ள சிப்போரா அக்காவுக்குத் தம்பி எல்கானா எழுதுவது. நீயும் அத்தானும் நூற்றிருபது வயதுவரை பல் ஒன்றும் விழாமல் வாழ ஆண்டவன் அருளட்டும். இங்கே மனைவி பிராகாவும் மகள் திர்சாவும் சுகம். நான் சுகமில்லை. அதிர்ச்சியில் தலை வெடிக்கிறது. போனில் பேசினால் என் குரலே மண்டையில் இடிக்கிறது, அதனால்தான் கடிதம்.

அக்கா, திர்சாவுக்கு நீ பார்த்த சம்பந்தம் நமக்கு வேண்டாம். கடிதம் கண்டதும் தரகரிடம் சொல்லிவிடு. மாப்பிள்ளையின் அப்பா அசரியா அதிர்ந்துகூடப் பேச மாட்டார் என்றாயே, அந்த மனுஷன் என் வீட்டில் அடித்த கூத்தை எந்த வாயால் சொல்வேன்!

போன பூரிமில் பையன்கள் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து ஆம்புலன்ஸ் வந்தது உனக்குத் தெரியும். அதனால் இந்த வருஷம் ஜெபாலயத்தில் நானே எழுந்து பேசினேன். "நம்ம யூத ஜனத்தையே கொல்லப் பார்த்த ஆமான் ஒழிக, காப்பாத்துன மொர்தெகாய் வாழ்க, இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குடிக்கணும்னு பெரியவங்க சொன்னாங்கதான். அதுக்காக மொடாக் குடியா குடிப்பீங்களா? ஒரு மடக்கு குடிச்சிட்டுப் படுத்துத் தூங்குங்கய்யா! தூங்குறவனுக்கு மட்டும் வித்தியாசம் தெரியுமா?" முன்வரிசையில் இருந்த அசரியா பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையை நம்பித்தான் அவரையும் மாப்பிள்ளை நப்தலியையும் மத்தியான விருந்துக்கு அழைத்தேன், சாப்பிட்டதும் நிச்சயம் பேசிவிடலாம் என்று.

நான் மதுவைத் தொட மாட்டேன், உனக்குத் தெரியாததா? கீழ்வீட்டு மெனாஷே பண்டிகைத் தட்டில் கசகசா ரொட்டியோடு அனுப்பியிருந்த திராட்சைச் சாற்றைத்தான் குடித்தேன். தொண்டையில் கொஞ்சம் எரிந்தது, பழம் புளித்திருக்கும் போல, பண்டிகைப் பொருளை வீணாக்கக் கூடாதே என்று நானே பாட்டிலை முடித்தேன். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்க்கிறேன், அக்கா, அசரியா மேசைமேல் நிற்கிறார்! பண்டிகைக்காக நான் வைத்திருந்த எஸ்தர் ராணியின் காகிதக் கிரீடம் எப்படியோ அவர் தலைக்குப் போயிருந்தது. என் ஷூவில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு, சூப் பாத்திரத்தில் கால் வைத்து ஆடுகிறார். "இறங்குய்யா, வெட்கமாயில்லை?" என்று நான் கத்தினால் அவரும் பதிலுக்கு வாயை வாயை அசைக்கிறார். என்ன திமிர்! பிறகு நப்தலியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ண அழ வெச்சிராதப்பா" என்று ஓவென்று அழுகை. அந்த மனுஷனுக்குப் பெண்பிள்ளையே கிடையாது, அக்கா!

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். வாந்தியெடுத்த தலையை மடியில் தாங்கி, முகம் கோணாமல் துடைத்துவிட்டான். திர்சா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில், "அப்பா, அவரைத் தவிர வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்கிறாள். இப்படிப்பட்ட குடிகாரன் வீட்டுக்கா என் ஒரே பெண்ணை அனுப்புவேன்? முடியவே முடியாது.

அத்தானுக்கு என் வணக்கம். வரும் பஸ்கா பண்டிகை உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும்.

தம்பி,
எல்கானா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் பிராகா இதைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஏங்க, ஆடுனது நீங்க! எதிர்ல இருந்தது அலமாரிக் கண்ணாடி. சம்பந்தி நீங்க சொன்னபடியே ஒரு மடக்கு குடிச்சிட்டு சோபாவுல தூங்கிட்டாரு. மெனாஷே குடுத்தது சாறு இல்ல, வீட்ல காய்ச்சுன சரக்கு. அந்தப் புள்ள தாங்குனது உங்க தலையத்தான்!"

அக்கா, தரகரிடம் மூச்சு விடாதே! அவர்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தால் என் சார்பில் காலில் விழு.

இப்போது நப்தலி வாசலில் நிற்கிறான். கையில், சூப் கறையைக் கழுவி எடுத்துவந்த என் ஒற்றை ஷூ. அழுகைச் சத்தத்தில் அசரியா விழித்துக்கொண்டாராம், மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "அவ்வளவு போதையிலயும் பொண்ண நெனச்சு அழுதாரே, அந்த வீட்லதான்டா நாம பொண்ணெடுக்கணும்."