நல்ல டாக்டரம்மா சொல்லும் மாமா

முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் இடது பக்கம் மூன்று சுற்று, வலது பக்கம் மூன்று சுற்று துடைப்பார். மாட்டிக்கொண்டு, செல்போனைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்து, ஆள்காட்டி விரலால் எறும்பு நசுக்குவதுபோல் திரையை அழுத்தி அழுத்தி மேலே தள்ளுவார். 'டாக்டர் பொம்பளை கடலூர்', 'டாக்டர் பொம்பளை சிதம்பரம்', 'டாக்டர் பொம்பளை சிதம்பரம் புதுசு', 'டாக்டர் நார்மல்', 'டாக்டர் கோவம்' என்று பெயர்கள் ஓடும். சொந்தத்தில் ஒரு பெண் வாந்தியெடுத்தாள் என்ற செய்தி காதில் விழுந்த மறுநிமிடம் இந்தச் சடங்கு தொடங்கிவிடும். அவள் முந்தின நாள் பரோட்டாவால் வாந்தியெடுத்திருந்தாலும் சரி.

வாசகரே, இந்த இனத்துக்கு 'டாக்டர் சொல்லி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பிரசவ டாக்டர் மட்டும்தான் சொல்வார். தலைவலிக்கு யாரைப் பார்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், "ஒரு மாத்தர போட்டுட்டுப் படு" என்பார்.

பாலகுமாருக்கு வாய்த்தவர் அவன் மனைவி இலக்கியாவின் தாய்மாமன் ராஜமாணிக்கம். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் பாலகுமாருக்கு இருந்ததோ ஒரே ஆசை. குழந்தை பிறக்கிற நேரத்தில் இலக்கியா ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குள் இருக்க வேண்டும். பேராசை ஒன்றும் இல்லையே?

மூன்றாம் மாதம், கடலூர் முதுநகரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தம்மாவா? கத்திய கையில எடுத்துட்டுத்தான் குட்மார்னிங்கே சொல்லுவாங்க மாப்ள." மாற்றினார்கள். இரண்டாமவர் கத்தி எடுக்கமாட்டார், ஆனால் திட்டுவாராம். மூன்றாமவர் திட்டமாட்டார், ஆனால் பேசவே மாட்டாராம். "பேசாத டாக்டருகிட்ட போயி வலிக்குதுன்னு எப்புடிச் சொல்லுவ?" ஒவ்வொருவரும் இரத்தப் பரிசோதனையை முதலிலிருந்து எழுத, இலக்கியாவின் ஃபைல் பாகப்பிரிவினை வழக்குக் கட்டுபோல் தடித்தது.

இந்த இனம் டாக்டர் எங்கே படித்தார் என்று கேட்காது. கைராசி எப்படி என்று கேட்கும். கைராசியை எப்படித் தெரிந்துகொள்வது? "எங்க பங்காளி மருமவளுக்கு ரெட்டப் புள்ள. கைராசி இல்லாமயா?"

இன்னொரு வாக்கியமும் உண்டு. "நம்ம பேரைச் சொல்லு, உள்ள விட்டுருவாங்க." மூன்றாம் ஆஸ்பத்திரியில் பாலகுமார் அந்தப் பேரைச் சொன்னான். டோக்கன் கொடுக்கும் பெண் நோட்டைப் புரட்டினாள்.

"ராஜமாணிக்கம்னு பேஷண்ட் யாரும் இல்லிங்களே."

"பேஷண்ட் இல்லம்மா. மாமா."

"அப்ப நாப்பத்திரெண்டு. உக்காருங்க."

நான்காவதாக மாமா கண்டெடுத்தவர் சிதம்பரத்தில் இருந்தார். முழுக் கைராசி. "வலி வந்தா ஒரு போன் போடு. நானே கூட்டிப்போறேன்."

வலி ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் வந்தது. மாமா கம்மாபுரத்திலிருந்து பத்து மணிக்கு வந்தார். ராபர்ட் என்பவரின் வாடகைக் காரில் முன்சீட்டில் மாமா, பின்சீட்டில் ஃபைலை மடியில் வைத்து இலக்கியா, அவள் கையைப் பிடித்தபடி பாலகுமார். புதுச்சத்திரம் தாண்டியதும் மாமாவின் போன் அடித்தது.

"டாக்டரம்மா திருப்பதிக்குப் போயிருக்காங்களாம். ராபர்ட்டு, திருப்பு, கடலூருக்கே போவோம்."

கார் திரும்பியது. ஆலப்பாக்கம் வருவதற்குள் மாமா போனில் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டார். "வேணாம். இந்நேரத்துக்குப் போனா ஆபரேசன்னுதான் சொல்லுவாங்க. திருப்பு. புவனகிரில ஒரு அம்மா இருக்காங்களாம், பாட்டு கேட்டுக்கிட்டே பாப்பாங்களாம்."

கார் மறுபடி திரும்பியது. சாலையோர இளநீர்க்காரர் மூன்றாம் முறை அதே காரைப் பார்த்ததும், தெரிந்தவர்கள்போல என்று நினைத்துக் கையாட்டினார். பாலகுமாரும் என்ன செய்வதென்று தெரியாமல் கையாட்டினான்.

இலக்கியா அவன் கையை உதறினாள். "ராபர்ட் அண்ணே, ஆஸ்பத்திரின்னு போர்டு எது மொதல்ல வருதோ அங்க நிறுத்துங்க. மாமா எதாச்சும் சொன்னா அவர எறக்கி விட்டுட்டுப் போங்க."

முதலில் வந்தது ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பணியிலிருந்த நர்ஸ் வெண்மதி ஃபைலை வாங்கிப் பார்த்துக்கொண்டே இலக்கியாவை உள்ளே கூட்டிப்போனாள். மாமா வாசலை மறித்தார்.

"ஏம்மா, இங்க டாக்டரம்மா யாரு? கைராசி எப்புடி?"

"வலி உங்களுக்கா, அவுங்களுக்கா பெரியவரே?"

"அவளுக்குத்தான்."

"அப்ப தள்ளி நில்லுங்க."

டாக்டர் உள்ளேதான் இருந்தார், கையுறை மாட்டிக்கொண்டு. ஒன்றரை மணி நேரத்தில் பெண் குழந்தை. கத்தி இல்லை, திட்டு இல்லை, பாட்டும் இல்லை. துணியில் சுற்றிய குழந்தையைப் பாலகுமார் கையில் வாங்கிக்கொண்டான். மாமா அதற்குள் வேப்பமரத்தடிக்குப் போய் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "புதுச்சத்திரம் பக்கம் ஒரு எடம் இருக்கு. கவர்மெண்டுதான், ஆனா கைராசி ஜாஸ்தி. நான் எட்டு மாசமா அலசிப் புடிச்ச எடம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கார் இரண்டாவது முறை திரும்பியபோது, 'ஏன், நேராக அந்தம்மாவிடம் போயிருக்கலாமே' என்று உங்கள் நாக்கு நுனியில் ஒரு டாக்டர் பெயர் வந்து நின்றதா, இல்லையா? வந்திருந்தால் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது வாந்தியெடுக்கலாம்.

பெயர் வைத்த நாளில்தான் மாமாவின் மனைவி அமராவதி அத்தை பாலகுமாரிடம் அதைச் சொன்னார். முப்பது வருசத்துக்கு முன் அத்தைக்குத் தலைப்பிரசவ வலி எடுத்ததும், நல்ல டாக்டர் விசாரித்து வருகிறேன் என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாராம் மாமா. அவர் திரும்பி வந்தபோது குழந்தைக்கு வயது மூன்று நாள். சட்டைப்பையில் ஐந்து டாக்டர்கள் பெயர் எழுதிய சீட்டு. அதில் மூன்றாவதாக இருந்தவர் பல் டாக்டர்.