மூன்றாம் வகுப்புக்கு ஆபத்தில்லாத ஒரு புத்தகம்

எனக்குப் பயம் அதிகம். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பல்லியைக் கண்டால் பயம், போஸ்ட்மேனைக் கண்டால் பயம். யாராவது போனில் "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தால், அந்த விஷயம் வந்து சேர்வதற்குள் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இப்படிப்பட்டவள் எப்படி டீச்சர் வேலைக்கு வந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைவிடக் குள்ளம் என்ற தைரியத்தில்தான் வந்தேன். (அவர்களுக்கும் பயப்பட வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.)

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஆறு வருஷம் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து உள்ளே போக வேண்டிய ஒரு ஊரில், சபை நடத்தும் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்தது. முழுசாகக் கிடைக்கவில்லை. அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் என் நியமனத்துக்குக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் வர வேண்டும். வந்தால் டீச்சர், வராவிட்டால் மறுபடியும் பில். ஃபைல் போய் ஏழு மாதமாகியிருந்தது. அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் அந்த ஃபைலின் பெயரைச் சொல்லியே ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிலைமையில்தான் தலைமையாசிரியர் செல்வராஜ் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா டீச்சர், அடுத்த வாரம் புது ஆபீசர் வாராரு. பிள்ளைகள் எப்படி வாசிக்குன்னு பாக்கணுமாம். மூணாம் கிளாசுக்கு, பிள்ளைகளுக்கு ஒரு ஊக்கம் வாறது மாதிரி நல்ல புத்தகமாப் பாத்து எடுங்க. அதில உள்ள கதைய அதுகளே நடிச்சும் காட்டட்டு."

"நான் எடுக்கவா சார்?"

"உங்க ஃபைல்தானே டீச்சர் அவருக்க மேசையில கிடக்கு."

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வடசேரியில் பஸ் இறங்கி ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். குழந்தைகளுக்குப் புத்தகம் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், வயதுக்கு ஏற்ற சொற்கள் வேண்டும், படம் பேச வேண்டும், படித்து முடித்ததும் பிள்ளைக்கு 'நானும் இப்படிச் செய்யலாம்' என்று தோன்ற வேண்டும். நான் அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. எனக்கு இருந்தது ஒரே கேள்வி: இந்தப் புத்தகத்தால் என் வேலை போகுமா?

ஒன்றில் ஒரு சிறுவன் மரத்தில் ஏறிப் பட்டத்தை எடுக்கிறான். அருமையான படங்கள். அதைப் பார்த்து நம் பிள்ளை ஒன்று அயனி மரத்தில் ஏறிக் கையை ஒடித்துக்கொண்டால்? வைத்துவிட்டேன். இன்னொன்றில் ஒரு சிறுமி டீச்சரிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள், டீச்சருக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே நல்ல புத்தகம். அதை வேறு பள்ளிக்கூடத்து டீச்சர் யாராவது எடுத்துவிட்டால்கூட வம்பு என்று அலமாரியின் பின்வரிசையில் செருகினேன். மத்தியானம் தூங்கும் யானை ராஜாவைப் பற்றி ஒன்று இருந்தது. செல்வராஜ் சார் கொஞ்சம் பருமன், சாப்பிட்டபின் கண்ணை மூடி யோசிக்கிற பழக்கமும் அவருக்கு உண்டு. அதையும் வைத்துவிட்டேன். பேய் வந்த புத்தகத்தை அட்டையைப் பார்த்ததுமே கீழே போட்டேன். அது பிள்ளைகளுக்காக அல்ல, எனக்காக.

இரண்டு மணி நேரம் கழித்துக் கடைக்காரர் கேட்டார்: "டீச்சர், புத்தகம் எடுக்க வந்தியளா, இல்ல போலீசுக்கு ஆள் எடுக்க வந்தியளா?"

அந்தச் சமயத்தில்தான் 'வெள்ளத்தை முந்திய வள்ளி' கையில் கிடைத்தது. வள்ளி என்று ஒரு சிறுமி. ஆற்றில் வெள்ளம் பெருகி வருவதை அவள்தான் முதலில் பார்க்கிறாள். "வெள்ளம் வருது! வெள்ளம் வருது!" என்று கத்திக்கொண்டே தெருத்தெருவாக ஓடி, ஊரையே மேட்டுக்கு ஏற்றிக் காப்பாற்றுகிறாள். பேய் இல்லை, மரம் ஏறுதல் இல்லை, பெரியவர்களை யாரும் எதிர்த்துப் பேசவில்லை, ஒருவரும் சாகவில்லை. ஒரு ஆடுகூடச் சாகவில்லை. ஐந்து தடவை படித்துப் பார்த்தேன். ஆபத்தே இல்லாத புத்தகம்.

இதைப் படிக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விளவங்கோடு, கல்குளம் பக்கமெல்லாம் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற, குளிக்கிற, குழாயில் வருகிற சாதாரணத் தண்ணீர். எனக்கும் பிறந்த நாளிலிருந்து அதுதான் வெள்ளம். அன்று காலையில்கூட அம்மா, "ஏட்டி, குடிக்க வெள்ளம் எடுத்தியா?" என்று கேட்டுத்தான் பாட்டிலைக் கையில் தந்திருந்தாள். அந்த பாட்டிலிலிருந்து வெள்ளம் குடித்துக்கொண்டேதான் நான் வெள்ளத்தைப் பற்றிப் படித்தேன். ஆனால் புத்தகத்தைத் திறந்ததும் எங்களுக்கு மூளையில் வேறொரு அறை திறந்துவிடும். அங்கே எல்லாம் பாடப்புத்தகத் தமிழ். ஒரு அறையில் இருப்பவர் அடுத்த அறையை எட்டிப் பார்ப்பதே இல்லை.

பிள்ளைகளுக்கு அப்படி இரண்டு அறை இன்னும் கட்டப்படவில்லை. கதையைச் சொல்லிக்கொடுத்துப் படம் வரையச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர், ஊர் ஜனங்கள் கையில் குடத்தோடு ஓடுவதுபோல் வரைந்திருந்தார்கள். ஆபத்து நேரத்திலும் பாத்திரம் பண்டத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள், எவ்வளவு நுட்பமான பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஸ்டார் போட்டேன்.

வள்ளியாக நடிக்க அஜிஷாவைத் தேர்ந்தெடுத்தேன். எட்டு வயது. வீட்டு முற்றத்தில் நின்று அவள் கூப்பிட்டால் ரப்பர் தோட்டத்தில் நிற்கும் அப்பா திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரல் போதாது என்று செல்வராஜ் சார் சர்ச்சிலிருந்து மைக் செட்டையும் வாங்கிவந்து, ஒலிபெருக்கியைத் தெருவைப் பார்த்துக் கட்டிவிட்டார். நம் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று ஊருக்கும் தெரியட்டும் என்றார்.

அது ஐப்பசி மாதம். நாலு நாளாக மழை. ஆபீசர் வருவதற்கு முந்தின நாள்தான் மேலே அணையைத் திறக்கப்போகிறார்கள், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கவனம் என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். இதற்கிடையில் எங்கேயோ குழாய் உடைந்து, ஐந்து நாளாகத் தெருக்குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. வானத்திலிருந்து கொட்டுகிறது, குடிக்க ஒரு சொட்டு இல்லை. பெண்கள் குடங்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு வீட்டிலிருந்தார்கள்.

ஆபீசர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். எங்கள் மாவட்டத்துக்கு வந்து நாலாவது நாள். காரிலிருந்து இறங்கியதுமே வானத்தைப் பார்த்தார். பிறகு செல்வராஜ் சாரிடம், "இங்க ஆறு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"பக்கம்தான் சார்! இந்தா, பள்ளிக்கூடத்துக்குப் பொறத்த ஆக்கும்!" என்று சார் பெருமையோடு பின்பக்கம் கையைக் காட்டினார்.

ஆபீசர் முகம் கறுத்தது. என் ஃபைல்தான் ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து நான் செல்வராஜ் சாரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அந்த மனுஷனும் என்னைப்போல ஒரு பயந்தாங்கொள்ளி என்பது அப்போது தெரியவில்லை.

பிரார்த்தனைப் பாட்டு நன்றாகத்தான் போனது. வாசிப்பும் பரவாயில்லை. நாடகம் தொடங்கியது. அஜிஷா கண்ணுக்குமேல் கை வைத்து ஆற்றைப் பார்த்தாள். திடுக்கிட்டாள். மைக்கைப் பிடுங்கினாள். நான் எழுதிக்கொடுத்த வசனம், 'வெள்ளம் வருது, எல்லாரும் ஓடுங்க!' உணர்ச்சிவேகத்தில் அவள் கத்தியது இது:

"வெள்ளம் வருது! வெள்ளம் வருது! எல்லாரும் ஓடி வாங்க!"

ஒலிபெருக்கி அதைத் தெருவுக்குக் கொண்டுபோனது. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கேட் திறந்தது. நாற்பது பெண்கள், இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகக் குடங்களோடு, எங்களை நோக்கி ஓடிவந்தார்கள்.

ஆபீசர் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு மிகச் சரி. அணை திறப்பதாக அறிவிப்பு வந்திருக்கிறது. ஆறு பின்னால் ஓடுகிறது. வெள்ளம் வருகிறது என்று மைக்கில் சொல்கிறார்கள். ஊர் ஜனம் பாத்திரம் பண்டத்தோடு தப்பி ஓடி வருகிறது. "பிள்ளைகளை மேல ஏத்துங்க!" என்று அலறியபடி அவர் பக்கத்திலிருந்த இரண்டு பிள்ளைகளைத் தூக்கி பெஞ்சுமேல் நிறுத்தினார். பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவின் குட்டைச்சுவரில் ஏறினார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் எடுத்த புத்தகம், நான் எழுதிய வசனம், நான் பழக்கிய நாடகம். ஆனாலும் நாற்பது பேர் ஓடிவருவதையும் ஒரு ஆபீசர் சுவரேறுவதையும் பார்த்ததும் நானும் மேசைமேல் ஏறிவிட்டேன். ஒரு பிள்ளையைக்கூடத் தூக்காமல்.

முதலில் வந்து சேர்ந்தது அஜிஷாவின் அம்மா.

"ஏட்டி, வெள்ளம் எங்க?"

"கதையில ஆக்கும் அம்மா."

"கதையிலயா? கதைய வச்சா நான் சோறு வடிக்க? சவம், இருந்த வேலையப் போட்டுட்டு ஓடி வந்தேன்!"

செல்வராஜ் சார் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு சுவரருகே போனார். ஆபீசருக்கென்று போதகர் வீட்டுக் கிணற்றிலிருந்து கொண்டுவந்து வைத்தது. "சார், இறங்கி வாருங்க. எங்க ஊரில வெள்ளம்னா இதுதான்" என்று நீட்டினார். ஆபீசர் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். மறுபடி தம்ளரைப் பார்த்தார். பிறகு சுவர்மேல் நின்றபடியே அதைக் குடித்து முடித்துவிட்டு இறங்கினார்.

ஷூவைப் போட்டு, கயிறு கட்டி, நிமிர்ந்து, அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

நான் அப்போதுதான் மேசையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. ஜவுளிக்கடையும் பில் மெஷினும் கண்ணில் தெரிந்தன. அம்மாவின் முகம் தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதிலிருந்து மிக மெதுவான குரலில் இது வந்தது:

"பிள்ளைங்கதான் சார் எடுத்தாங்க."

சொன்னதும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. செல்வராஜ் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அஜிஷாவும் பார்த்தாள். அந்தப் பிள்ளை ஒரு நொடிதான் யோசித்தது. பிறகு கையிலிருந்த மைக்கை வாயருகே தூக்கிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னது:

"ஆமா சார். நாங்கதான் எடுத்தோம். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது."

நான் குற்றமற்றவள் என்று அவள் சொன்னாள். டீச்சர் ஒரு மண்ணும் தெரியாதவள் என்று ஊர் கேட்டுக்கொண்டது. முற்றத்தில் குடத்தோடு நின்ற ஒரு அண்ணி, "அது உள்ளதுதான்" என்றாள்.

எட்டு வயசுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறது. மீதிக் காலையும் இறக்கி வைத்தேன். மைக்கை வாங்கினேன். ஒலிபெருக்கி கொரகொரவென்றது. "இல்ல சார். நான்தான் எடுத்தேன். அஞ்சு தடவை படிச்சுட்டுத்தான் எடுத்தேன்" என்றேன். அஞ்சு தடவை என்று எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு குடம் கீழே விழுந்து உருண்டது.

ஆபீசர் நோட்டில் ஏதோ எழுதினார். அவர் காருக்குப் போகிற வழியை அஜிஷாவின் அம்மா காலிக் குடத்தோடு மறித்தாள். "சாரே, வந்ததுதான் வந்திய. எங்களுக்கு அந்தக் குழாய ஒண்ணு சொல்லித் தந்துட்டுப் போங்க." தனக்குப் பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது மட்டும்தான் தெரியும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் நகரவில்லை. யாருக்கோ போன் செய்தார். மறுநாள் மத்தியானம் குழாயில் வெள்ளம் வந்தது. அவர் பேசியதால் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது.

என் ஒப்புதல் வர இன்னும் மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாலே நான் கழிப்பறைக்குப் போய்விடுவேன். கடைசியில் வந்தது. கூடவே பார்வைக் குறிப்பின் நகலும் வந்தது. 'நூல் தேர்வின்போது வட்டார வழக்கைக் கருத்தில் கொள்ள ஆசிரியைக்கு அறிவுறுத்தப்படுகிறது. மாணவியின் குரல்வளம் மிக நன்று.' சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்தையும் தனியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. முதலில் ஒரு பிரதி வாங்கி, பிள்ளைகளிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்லுவேன். பின்வரிசையில் ஒளித்துவைத்தேனே, அந்தக் கேள்வி கேட்கும் சிறுமியின் புத்தகம், அதையும் போய்த் தேடி வாங்கினேன். எங்கள் வகுப்பில் அதுதான் இப்போது அதிகம் கிழிந்த புத்தகம்.

வீட்டில் என் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன்பே கதை அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. குழம்பில் உப்பு கூடினால் என் கணவர் மகளைப் பார்த்து, "மக்கா, அம்மையை ஒண்ணும் சொல்லாதே. டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். மகள் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்லும். ஊரிலும் எனக்குப் பெயர் அதுதான். போன ஜூனில் ஒரு அம்மா என்னை யாரென்று தெரியாமல், என் முன்னாலேயே நின்று புதுத் தலைமையாசிரியரிடம் கெஞ்சினாள்: "சாரே, எம் பிள்ளைய அந்த ஒண்ணும் தெரியாத டீச்சருக்க கிளாஸ்ல போடுங்க. அவங்க பிள்ளைகள மாட்டிவிட மாட்டாங்க. தப்பு எனக்கதுன்னு மைக்கிலயே சொன்னவங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பிள்ளையின் பெயரை எழுதினேன். தப்பு என்னுடையது என்று மைக்கில் சொல்வதற்கு முன்னால் நான் சொன்ன 'பிள்ளைங்கதான் சார் எடுத்தாங்க' மைக்கில் வரவில்லை. அதைக் கேட்டவர்கள் மூன்றே பேர். ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார். செல்வராஜ் சார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அஜிஷா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் "டீச்சர், சுகமா?" என்று கேட்டு, கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பாள். பல்லிக்கும் போஸ்ட்மேனுக்கும் இப்போது நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அந்தச் சிரிப்புக்குப் பயப்படுகிறேன்.