சிவசைலம் பிள்ளை எடுத்த கும்மிச் சேலை

பட்டு என்கிற சொல் இனிமேல் இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று சிவசைலம் பிள்ளை உத்தரவு போட்டார். போட்ட கையோடு தோளில் கிடந்த துண்டையும் உருவித் தரையில் போட்டார். கோபம் வந்தால் அவர் தோளில் துண்டு நிற்காது. போடுவதும் அவர்தான், குனிந்து எடுப்பதும் அவர்தான். எடுத்துக் கொடுக்க யாராவது வந்தால் அதற்கும் சேர்த்துக் கோபப்படுவார்.

"கேட்டுதா?" என்றார்.

"கேட்டுது" என்றாள் அவர் மனைவி பிரம்மநாயகி. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

விஷயம் இதுதான். ஜார்ஜ் ராஜா டில்லியில் வந்து பட்டம் சூட்டிக்கொண்டு போனதற்கு மறு வருஷம். திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் பிள்ளையின் வீடு. ஒரே மகள் கோமு. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை விக்கிரமசிங்கபுரம் நூல் ஆலையில் குமாஸ்தா. முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டார் பாடு. ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் பந்தலில் பெண்கள் கூடிக் கும்மியடிப்பார்களே, அதில் கல்யாணப் பெண்தான் முதல் ஆளாக நின்று ஆட வேண்டும். அந்தச் சேலை பெண்ணைப் பெற்றவன் பாடு.

சேலைதானே, எதையாவது எடுத்துக் கொடுத்தால் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆடும்போது பெண் தடுக்கினாலோ, கொசுவம் அவிழ்ந்தாலோ, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நின்ற இடத்திலேயே பெண்ணின் அப்பன் மேல் பாட்டுக் கட்டிவிடுவார்கள். கட்டின பாட்டு லேசில் சாகாது. போன வருஷம் பிள்ளையின் அண்ணன் அம்மையப்பர் வீட்டுக் கல்யாணத்தில் அதுதான் நடந்தது. சரிகை போட்டுக் கனத்த பட்டு. பெண் இரண்டு சுற்றுச் சுற்றினாள், மூன்றாவது சுற்றில் முன்கொசுவத்தை மிதித்துக்கொண்டு விழுந்தாள். அவளைத் தூக்கி நிறுத்துவதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது.

*சரிகைச் சேலை எடுத்தாராம் சம்பந்தியாரு – பொண்ணு
சரிஞ்சு விழப் பாத்தாராம் சம்பந்தியாரு!*

இன்றைக்கும் அம்மையப்பர் தெருவில் நடந்தால் தண்ணீர்க் குடத்தோடு போகிற குமரிகள் முணுமுணுக்கிறார்கள். அன்றைக்குப் பந்தலில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் நம்ம சிவசைலம் பிள்ளைதான். சிரித்தாரே, இப்போது முறை அவருக்கு வந்துவிட்டது. குறுக்குத்துறையில் குளிக்கிற நேரத்தில் அண்ணன் தினமும் பைய நீந்தி வந்து, "என்னலே, கும்மிச் சேலை எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். மனுஷனுக்கு வயிறு எரிய இது போதாதா?

"அண்ணன் மகளைத் தள்ளிவிட்டதே அந்தப் பட்டுதான்" என்றார் பிள்ளை. "நாம பருத்தி எடுப்போம். மேலப்பாளையத்துப் பருத்தி. விலையும் சல்லிசு, ஆடுத புள்ளைக்குக் காத்தோட்டமாவும் இருக்கும்."

"விலை சல்லிசுன்னு மட்டும் சொல்லுங்க. காத்து எதுக்கு?"

"ஏட்டி, எதுத்தா பேசுத?"

"நான் எங்க எதுத்தேன்? பருத்திங்கீக. சரிங்கேன்."

"சரின்னு சொல்லுத மொகமா இது?"

"மொகம் எங்க அப்பா குடுத்தது. அதுக்கு நான் என்ன செய்ய? சரி, மகளுக்குப் பருத்தி. மகளைப் பெத்தவளுக்கு?"

"உனக்கு என்னட்டி? உன் கல்யாணப் பட்டு பெட்டியில இருக்குல்லா?"

"பெட்டியோட சேத்துக் கரையான் தின்னு எத்தனையோ காலமாச்சு. கட்டிட்டு வந்த நாள்லேருந்து எனக்கு ஒரு பட்டு எடுத்திருக்கீகளா நீங்க?"

பிள்ளை குனிந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டு, திரும்பவும் கீழே போட்டார்.

"சரி" என்றாள் பிரம்மநாயகி. அவள் சண்டை பிடித்தால் பிள்ளைக்கு ஒரு தைரியம் இருக்கும். சரி என்று சொன்னால்தான் உஷாராக இருக்க வேண்டும். ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்கு அது எங்கே நினைவுக்கு வரப் போகிறது?

நாலு நாள் கழித்து மேலப்பாளையம் ஜமீலா பீவி சேலை மூட்டையோடு வந்தாள். வீடு வீடாகப் போய் விற்கிறவள், பிரம்மநாயகிக்கு நெடுநாள் பழக்கம். பிள்ளை நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெண்பிள்ளைகளை விட்டால் ஏமாந்துபோவார்கள், நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அரக்கு நிறத்தில் ஒரு பருத்திச் சேலையை எடுத்தார், தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். ஜமீலா சொன்ன விலைக்குப் பாதி கேட்டார். அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றதும், இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று அதற்கு ஒரு கோபம்.

"நல்ல சேலைதான்" என்றாள் பிரம்மநாயகி. "ஆட வருமா?"

"ஏன் வராது?"

"கட்டி ஆடிப் பாத்தால்லா தெரியும்."

"அப்ப கோமுவைக் கூப்பிடு."

"கல்யாணப் பொண்ணு புதுக் கோடிச் சேலையை அந்த நாளுக்கு முன்னால உடம்புல சுத்தலாமா? ஆகவே ஆகாது. அதுவுமில்லாம அவ எதுத்த வீட்டுக்கு மாவிடிக்கப் போயிருக்கா."

"நீ கட்டு."

"நான் கட்டினா அது நான் கட்டிக் கழிச்ச சேலை. மாப்பிள்ளையோட அம்மை ஆவுடைத்தாய் நூல் ஆலை ஊருக்காரி. சேலையத் தொட்டாலே கோடியா, கட்டினதான்னு சொல்லிப்போடுவா. பழசை மகளுக்குக் கட்டுனாருன்னு பாட்டு வந்தா என்னைக் குத்தம் சொல்லாதீக."

பிள்ளை ஜமீலாவைப் பார்த்தார். "எனக்குக் கும்மி தெரியாது பிள்ளைவாள்" என்று அவள் முந்திக்கொண்டாள்.

பிள்ளைக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு சேலை எடுக்க இத்தனை சட்டமா? "கொண்டா இங்க" என்று எழுந்தார். "நான் கட்டுதேன். ஆம்பளை கட்டினா அது கட்டினதாகுமா? கணக்குலயே வராது."

பிரம்மநாயகி ஒன்றும் சொல்லவில்லை. ஜமீலாவைப் பார்த்தாள். ஜமீலா மூட்டையைப் பார்த்தாள்.

வாசல் கதவைத் தாழ் போட்டாயிற்று. ஜமீலாவைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொல்லியாயிற்று. வேட்டிக்கு மேலேயே கொசுவம் வைத்து, முந்தியை இழுத்து இடுப்பில் செருகி, பிரம்மநாயகி புருஷனைக் கல்யாணப் பெண்ணாக்கி நிறுத்தினாள். மீசை ஒன்றுதான் இடறியது.

"குனிஞ்சு ஒரு கொட்டு, நிமிந்து ஒரு கொட்டு, பிறகு ஒரு சுத்து. நான் பாடுதேன், ஆடுங்க."

*ஆத்துத் தண்ணி பொங்குதடி அம்பைக் கால்வா மேலே – அது
ஆளை ஆளைத் தள்ளுதடி ஆனி மாசச் சாரல்.*

பிள்ளை குனிந்தார். சேலை குனியவில்லை. பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்து சுற்றினார். அவர் சுற்றி முடித்தபிறகு சேலை சுற்றத் தொடங்கியது. பாட்டில் ஆனி மாசம் வருவதற்குள் கொசுவம் காலுக்குள் புகுந்து, பிள்ளை நெல்குதிரில் போய் மோதிக் கீழே உட்கார்ந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஜமீலாவின் முதுகு குலுங்கியது.

"யாரு அங்க சிரிக்கது?"

"தும்மல் பிள்ளைவாள்."

"கஞ்சி" என்று பல்லைக் கடித்தார் பிள்ளை. "முழுக்கக் கஞ்சி. தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தா எல்லாம் சரியாப்போயிரும்."

"தண்ணி பட்டா அது கோடியா? ஆவுடைத்தாய் கண்ணு என்ன குருடா?"

இரண்டாவது பருத்தி. அது இன்னும் மோசம். முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம். பிள்ளை சேலையைத் திட்டினார், நெய்தவனைத் திட்டினார், கும்மியைக் கண்டுபிடித்தவளைத் திட்டினார், அண்ணன் மகளைத் திட்டினார். பெண்ணைப் பெற்ற தன்னையும் கொஞ்சம் திட்டிக்கொண்டார். பிரம்மநாயகி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேற இல்லையா?" என்று ஜமீலாவிடம் பாய்ந்தார்.

"ஒண்ணு கெடக்கு. அது வேற வீட்டுக்குச் சொல்லி வச்சது. உங்க வீட்டுலதான் அந்தச் சொல்லே ஆகாதுன்னாக."

"எடு அதை."

கிளிப்பச்சைப் பட்டு. மெல்லிசு. சரிகை கரையோரம் மட்டும் ஒரு கோடாக ஓடியது. பிள்ளை முறைத்துக்கொண்டேதான் கட்ட நின்றார். பாட்டு தொடங்கியது. குனிந்தார், சேலையும் குனிந்தது. சுற்றினார், அதுவும் கூடவே சுற்றியது. காலில் ஒட்டவுமில்லை, தடுக்கவுமில்லை. ஆனி மாசச் சாரலையும் தாண்டிப் பாட்டு முடிந்தும் பிள்ளை நிற்கவில்லை. இன்னொரு சுற்றுப் போட்டார். அந்த நேரத்துக்கு அவர் முகத்தில் கோபமே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தைப் பிரம்மநாயகி பார்த்ததில்லை.

"பாட்டு நின்னு போச்சு" என்றாள் பைய.

பிள்ளைக்குச் சட்டென்று கோபம் திரும்பி வந்தது. "இதுதான் சேலை. இதைப் பாத்து எடுக்கத் தெரியாம ரெண்டு பேரும் என்னை உருட்டி விட்டீகளே. இதுக்குத்தான் ஆம்பளை வேணுங்கது."

"பட்டுல்லா இது?"

"கனத்த பட்டைத்தான் நான் வேண்டாம்னேன். மெல்லிசை எப்ப வேண்டாம்னேன்?"

அவர் கொடுத்த விலையை நான் சொல்லமாட்டேன். நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் அன்றைக்கு அவருக்கு வலிக்கவில்லை. மறுநாள் குறுக்குத்துறையில் அண்ணன் வாய் திறப்பதற்கு முன்பே, "எடுத்தாச்சு, நானே பாத்து எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தலை முழுகினார்.

கல்யாணம் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பந்தல் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், ஆவுடைத்தாய் தலைமையில், எப்போது பெண் தடுக்குவாள் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் பக்கம் அம்மையப்பர் முதல் வரிசையில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சிவசைலம் பிள்ளை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் சேலை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

உள்கதவு திறந்து கோமு வந்தாள். கட்டியிருந்தது அரக்கு நிறப் பருத்திச் சேலை.

பிள்ளை உற்றுப் பார்த்தார், தான் கட்டி விழுந்த அதே நிறம். நெல்குதிர் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து தடுக்கலாம் என்றால் அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. கோமு குனிந்தாள், நிமிர்ந்தாள், சுற்றினாள். சேலை பூவாக அவளோடு போய் வந்தது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று, ஏழெட்டு. ஒரு கொசுவம் நலுங்கவில்லை. ஆவுடைத்தாய் மருமகளின் முந்தியை விரலால் நெருடிப் பார்த்து, "கோடிதான், நல்ல நூலு" என்று பக்கத்தில் சொன்னாள். பாட்டுக் கட்ட வந்தவர்கள் ஒன்றும் சிக்காமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அம்மையப்பர் வெற்றிலையைக் காரணமில்லாமல் துப்பினார்.

அப்பாடா என்று பிள்ளை மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. கும்மி வட்டத்துக்குள் கையைத் தட்டிக்கொண்டு பிரம்மநாயகி வந்து சேர்ந்தாள். கிளிப்பச்சைப் பட்டில்.

பிள்ளை துள்ளி எழுந்து, கைச்சாடை காட்டி அவளைச் சமையல் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். அவளும் நிதானமாக வந்தாள்.

"ஏட்டி, அது யாரு சேலை?"

"என் சேலை."

"மகளுக்கு நான் எடுத்ததுட்டி அது."

"நீங்க கட்டிக் கழிச்சதை மகளுக்குக் கட்டவா? நல்லாருக்கே."

"ஆம்பளை கட்டினா கணக்குல வராதுன்னு சொன்னேன்லா?"

"நீங்க சொன்னீக. நான் சரின்னு சொன்னேனா?"

பிள்ளை யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான். எதற்கெடுத்தாலும் சரி என்கிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு உச்சந்தலை கொதித்தது.

"அப்ப கோமு கட்டியிருக்கது?"

"நீங்க கட்டி விழுந்தீகளே, அதே தறியில நெய்ததுதான். அந்த ரெண்டுக்கும் கஞ்சியை அள்ளி வையின்னு ஜமீலாட்ட சொன்னேன். கோமு கட்டியிருக்கதுக்கு வேண்டாம்னேன்."

"அடிப் பாவி. இந்தா, இப்பவே ஊரைக் கூட்டுதேன் பாரு."

"கூட்டுங்க. என்ன ஏதுன்னு கேப்பாக. நீங்க கொசுவம் வச்சுக் கும்மியடிச்ச கதையை நான் மறைக்க முடியுமா? அங்கன பாருங்க, பாட்டுக் கட்ட ஒண்ணும் கெடைக்காம மாப்பிள்ளை வீட்டாளுக தவிச்சுப்போயி நிக்காக. உங்க அண்ணாச்சியும் இந்தப் பக்கந்தான் பாக்காக."

பிள்ளை பந்தலைப் பார்த்தார். அம்மையப்பர் உண்மையிலேயே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் குரல் தானாக இறங்கியது. கோபம் மட்டும் இறங்க இடமில்லாமல் நெஞ்சிலேயே நின்றது.

"பருத்திதான் ஆடத் தோதுன்னு அன்னைக்கே நான் சொன்னது சரியாத்தானே இருக்கு? பிறகு எதுக்குட்டி என்னை அந்தப் பாடு படுத்துன?"

பிரம்மநாயகி பட்டு முந்தியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கும்மிக்குத் திரும்பிப் போகிற அவசரத்தில் பாதி நடந்துகொண்டே சொன்னாள்:

"சரிதான். அதான் மகளுக்குப் பருத்தியே எடுத்தேன். நீங்க சொன்னதை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?"